எங்கே? எப்போது? யார் கண்டது?

கடந்த சில மாதங்களாக மன்ற அலுவலகத்துக்கு வருகிறவர்கள் சந்தா ரசீதையும் ரேஷன் கார்டையும் மட்டும் கொண்டு வருவதில்லை. கைபேசியையும் நீட்டுகிறார்கள். "இதைக் கொஞ்சம் பாருங்க" என்கிறார்கள். பிள்ளை பிடிக்கிற கூட்டம் ஊருக்குள் இறங்கியிருக்கிறதாம். ஊசி போட்டுக்கொண்டால் பிள்ளை பிறக்காதாம். இன்ன மதத்துக்காரன் கடையில் சாப்பாட்டில் எதையோ கலக்கிறானாம். கணக்கெடுப்புக்குக் கையெழுத்துப் போட்டால் மறுநாளே வீடு போய்விடுமாம். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பெரிய சதி இருக்கிறது, பத்திரிகைகள் அதை மறைக்கின்றன, நமக்கு மட்டும் யாரோ ஒரு நல்லவர் சொல்லியனுப்பியிருக்கிறார்!

இதைக் கேட்டு நம் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். "படிக்காத ஜனங்க, என்ன சொன்னாலும் நம்பும்" என்கிறார்கள். பெரியவர் முகம் சுருங்கிப் போகிறார். மறுவாரம் அவர் மன்றத்துக்கு வருவதில்லை. கைபேசியை மட்டும் விடுவதில்லை. சில வீடுகளில் தகப்பனுக்கும் மகனுக்கும் இதனாலேயே பேச்சு நின்று போயிருப்பதும் நமக்குத் தெரியும். ஆகவே இந்தத் தலையங்கத்தைக் கதையை நம்புகிறவர்களுக்காக நாம் எழுதவில்லை. நம்பாதவர்களுக்காக, ஆனால் நம்புகிறவர் மீது பாய்கிற தோழர்களுக்காக எழுதுகிறோம்.

வீட்டுச் சண்டைக்கு ஒரு தலையங்கமா என்று கேட்கலாம். வீட்டோடு நின்றால் எழுத மாட்டோம்.

2018-ல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக ஒரு விளம்பரப் படம் எடுத்தார்கள். மோட்டார் சைக்கிளில் வருகிற இருவர் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். சற்று நேரத்தில் திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிட்டு, பிள்ளைகள் மீது கண் வையுங்கள் என்னும் பொருளில் ஓர் அட்டையைக் காட்டுவார்கள். நல்ல எண்ணத்தோடு எடுத்த படம். யாரோ அதன் கடைசிப் பகுதியை வெட்டினார்கள். தூக்கிச் செல்வது மட்டும் மிஞ்சியது. அந்த வெட்டுப்பட்ட படம் எல்லை தாண்டி, மொழி தாண்டி, நம் நாட்டில் ஊர் ஊராகப் போயிற்று. ஒவ்வோர் ஊரிலும் "நேற்று நம்ம பக்கத்து ஊரில்" என்று பெயர் வைத்தார்கள்.

அந்த ஆண்டு மே மாதத்தில் சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன அறுபத்தைந்து வயது அம்மையார் ஒருவர், வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊரே கூடி அவரை அடித்துக் கொன்றது. ஜூலை 1-ஆம் தேதி நம் மகாராஷ்டிரத்திலேயே, துலே மாவட்டத்து ரைன்பாடா கிராமத்தில், சோலாப்பூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நாடோடிச் சமூகத்தினர் ஐந்து பேரைப் பிடித்து அடைத்து வைத்து அடித்தே கொன்றார்கள். சந்தைக்கு வந்தவர்கள், பிச்சை கேட்டு வாழ்கிறவர்கள். கொன்றவர்கள் பிறவிக் கொலைகாரர்களா? பிள்ளை பெற்றவர்கள். பயந்தவர்கள். யாரும் அவர்களிடம் வேளையோடு உட்கார்ந்து பேசவில்லை.

ஊர் புதிது, பேச்சு புரியவில்லை, சட்டை கிழிந்திருக்கிறது: அடிவாங்க இவ்வளவு போதும் என்றால், முதல் நாள் வி.டி. ஸ்டேஷனில் மூட்டையோடு இறங்கிய நம் பாட்டன் எப்படி இருந்தான்?

நம்புகிறவரை முட்டாள் என்று சொல்வது எளிது, ஆனால் அது தவறான கணக்கு. ரயில்வேயில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விசாரணை ஜன்னல் திறந்திருக்கிறவரை பிளாட்பாரத்தில் வதந்திக்கு வேலை இல்லை. ஜன்னலை மூடிவிட்டு, ஒலிபெருக்கியும் வாய் திறக்கவில்லை என்றால், "வண்டி நாலாம் நம்பரில் வருது" என்று ஒருவன் சொன்னாலும் நானூறு பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாலம் ஏறுவார்கள். அவர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர், அந்த வண்டியைத் தவறவிட முடியாதவர்கள்.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு என்றார். நாலு மணி நேர அவகாசம்! கூலி இல்லை, வண்டி இல்லை, எப்போது திறக்கும் என்று சொல்வாரும் இல்லை. ஏப்ரல் 14 அன்று ஊரடங்கு மே 3 வரை நீட்டிக்கப்பட்டது. அதே நாளில் பாந்த்ரா ஸ்டேஷன் வாசலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் ஊருக்குப் போகலாம் என்று வந்து கூடினார்கள். வண்டி விடப் போகிறார்கள் என்ற பேச்சு பரவியிருந்தது. வந்தவர்களுக்குக் கிடைத்தது தடியடி. வதந்தி பரப்பியவன் யார் என்று தேடியவர்கள், அது முளைக்க இடம் கொடுத்தது யார் என்று தங்களையே கேட்டுக்கொள்ளவில்லை.

பெங்களூரிலும் 2012 ஆகஸ்டில் இதைக் கண்டோம். அசாமில் கலவரம். ரம்ஜான் முடிந்ததும் வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போகிறார்கள் என்று குறுஞ்செய்தி பரவியது. ஆயிரக்கணக்கான காவலாளிகள், ஓட்டல் தொழிலாளர்கள், மாணவர்கள் சம்பள பாக்கியைக்கூட வாங்காமல் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். குவஹாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விட வேண்டியதாயிற்று. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்ப முடியாதபடி மத்திய அரசு சில நாள் தடை போட்டது. ஓடியவர்கள் அந்த ஊரில் பல வருஷம் வேலை செய்தவர்கள்தாம். ஆனாலும், "பயப்படாதே, நான் இருக்கிறேன்" என்று சொல்ல அந்த ஊர்க்காரர் எத்தனை பேர் அவர்களுக்குப் பழக்கம்?

ஆகவே சதிக்கதையோடு வருகிறவரிடம் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முழுவதையும் கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். கதைக்குள்ளே ஒரு பயம் உட்கார்ந்திருக்கும். பிள்ளையைப் பற்றியோ, வீட்டைப் பற்றியோ, உடம்பைப் பற்றியோ இருக்கும். பதில் சொல்ல வேண்டியது அந்தப் பயத்துக்கு.

பிறகு கேள்வி கேளுங்கள். வக்கீல் குறுக்கு விசாரணை செய்வதைப் போல அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல. "எந்த ஊர்ல அண்ணாச்சி?" "என்னைக்கு நடந்ததாம்?" "பார்த்தவங்க யாரு? நாம அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில் அவரே நின்று யோசிப்பார். "எனக்கு மச்சினன் அனுப்பினான், அவனுக்கு யாரு அனுப்பினாங்கன்னு தெரியல" என்பார். வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்பதை அவருக்குக் காட்டலாம். கள்ள நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற நம் ஆட்களுக்கு இதைப் பார்க்கப் பழகுவது ஒரு நாள் வேலை.

இன்னொன்று: நாலு பேர் முன்னால் திருத்தாதீர்கள். டீக்கடையில் அவமானப்பட்டவர் அந்தக் கதையை விட மாட்டார். மானத்துக்காக அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். மருமகள் எதிரே மாமியாரைத் திருத்துகிற மகனுக்கும் இதைத்தான் சொல்கிறோம். தனியாகக் கூப்பிட்டு, அப்பா என்றோ சித்தப்பா என்றோ முறை சொல்லிப் பேசுங்கள். அந்த முறை எதற்காக இருக்கிறது?

கதையில் உண்மை இருக்குமானால் அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். 2021-ல் நடிகர் விவேக் இறந்தபோது இதே மன்றத்தில் நடந்த பேச்சு நினைவுக்கு வருகிறது. "ஊசி போட்டு ரெண்டாம் நாளே போயிட்டாரே, அதுக்கு என்ன சொல்லுதிய?" என்று கேட்டார் தோல் பட்டறையில் வேலை செய்த ஒரு பெரியவர். ஒரு தம்பி எரிந்து விழுந்தான், பெரியவர் எழுந்துவிட்டார். பக்கத்திலிருந்த நம் தோழியர் ஒருவர் அவரை உட்கார வைத்துச் சொன்னார்: "நீங்க சொல்லுறது நிஜந்தான் பெரியப்பா. ஏப்ரல் 15 ஊசி போட்டாரு, 17-ஆம் தேதி இறந்துட்டாரு. கேட்டதும் எனக்கும் நெஞ்சு திக்குனுதான் இருந்தது. இருதயத்துக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருந்ததுன்னு டாக்டருங்க சொல்லுறாங்க. ஊசியே இல்லாத காலத்துல நம்ம சாலில் மாரடைப்புல போனவங்க எத்தனை பேரு, நீங்களே எண்ணுங்க." பெரியவர் எண்ணினார். நாலு பேர் வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. உடனே ஊசி போட்டுக்கொண்டார் என்று நாம் கதை அளக்க விரும்பவில்லை. ஒரு மாதம் கழித்துப் போட்டுக்கொண்டார். விவேக்கின் மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று மத்திய அரசின் நிபுணர் குழு அந்த அக்டோபரில் முடிவு சொன்னபோது, அதை வந்து நமக்குப் படித்துக் காட்டியவரும் அவர்தான்.

பகுத்தறிவு பேசுகிற நம் தோழர்கள் 1995-ஐயும் எண்ணிப் பார்க்கட்டும். செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடு முழுவதும் கோயில் வாசலில் வரிசை நின்றது. பக்தர்களைத் திட்டியவர்கள் உண்டு, அதனால் வரிசையில் ஒருவரும் குறையவில்லை. டில்லியிலிருந்த அரசு விஞ்ஞானிகள் யாரையும் திட்டவில்லை. பாலில் சாயம் கலந்தார்கள். கரண்டியிலிருந்து பால் மெல்லிய படலமாகச் சிலையின் மேல் வழிந்து கீழே இறங்குவது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. பரப்பு இழுவிசை என்று பிறகு பாடமும் சொன்னார்கள்.

நம்மை வைத்தே ஒரு சதிக்கதை கட்டப்பட்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1966-ல் சிவசேனை தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே 'மார்மிக்' வார இதழில் அலுவலகம் அலுவலகமாகத் தென்னாட்டு அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல் வந்துகொண்டிருந்தது. பட்டியலில் பொய்ப் பெயர்கள் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த அலுவலகங்களில் தமிழரும் மலையாளியும் இருந்தது உண்மைதான். "இவர்கள் கூடிப் பேசி உன் வேலையைத் திருடுகிறார்கள்" என்ற கதையை மட்டும் அதன் மேல் ஏற்றினார்கள். மராத்தி இளைஞனுக்கு வேலை இல்லை என்பதும் உண்மை. அந்த உண்மையான வயிற்றெரிச்சல் உடுப்பி ஓட்டல் கண்ணாடி மீது கல்லாக விழுந்தது. தோல் பட்டறையில் உப்பு அள்ளிய தமிழன் எவன் வேலையைத் திருடினான்? கேட்பாரில்லை. லுங்கி கட்டியவனெல்லாம் சதிகாரன் ஆனான்.

அதே கதை 2023 மார்ச்சில் தலைகீழாகத் திரும்பியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று படங்கள் பரவின. வேறு காரணத்துக்காக நடந்த வேறு சம்பவங்களின் படங்கள் அவை. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் பெட்டி கட்டினார்கள். ஹோலிக்கு ஊருக்குப் போகிற கூட்டத்தையும் பயந்து ஓடுகிற கூட்டமாகக் காட்டினார்கள். தமிழகக் காவல்துறை இந்தியிலேயே விளக்கம் கொடுத்தது, பீகார் அரசு தன் அதிகாரிகளை அனுப்பி நேரில் விசாரிக்கச் செய்தது. நாம் இங்கே எப்படியோ, அவர்கள் அங்கே அப்படி. ஆகவே "வடக்கன்கள் தமிழ்நாட்டைப் பிடிக்கச் சதி செய்கிறார்கள்" என்று ஊரிலிருந்து வருகிற செய்தியை, தாராவித் தமிழன் ஒருவன் தன் கைபேசியிலிருந்து முன்னே தள்ளுவதைப் பார்க்கும்போது நமக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவனிடமும் அமைதியாகத்தான் கேட்க வேண்டும்: "தம்பி, இதுல வடக்கன்னு இருக்கிற இடத்துல மதராசின்னு போட்டு ஒரு தடவை படிச்சுப் பாரு."

1992 டிசம்பர், 1993 ஜனவரி நாட்களைக் கண்டவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கூட்டமாக ஆயுதத்தோடு வருகிறார்கள் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரவெல்லாம் விழித்துக்கொண்டு நின்றதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு தாராவியில் பாவு கோர்டே, வகார் கான் என்ற இருவர் சேர்ந்து செய்த வேலையை நாம் மதிக்கிறோம். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். மொஹல்லா கமிட்டிகளில் இருந்துகொண்டு, நான்கு மத உடையணிந்த பிள்ளைகளின் படம் போட்ட சுவரொட்டி அச்சடித்துச் சந்து சந்தாக ஒட்டினார்கள். அவர்களைப் பற்றி 'நாதா' என்று 2003-ல் ஓர் ஆவணப்படமும் வந்தது. அவர்கள் வேலையில் நமக்குப் பெரிதாகப் படுவது சுவரொட்டி அல்ல. கலவரம் இல்லாத நாளிலும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வந்தார்களே, அதுதான். ஆபத்து நாளில் திடீரென்று வந்து "நம்பாதே" என்று சொல்கிறவன் சொல்லை யார் கேட்பார்கள்?

ஒரு எச்சரிக்கை. அமைதி என்றால் எதையும் சந்தேகிக்காமல் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். சந்தேகம் பாட்டாளியின் உரிமை. 2024 மார்ச்சில் தாராவியில் கணக்கெடுப்புத் தொடங்கியது முதல் நம் மக்கள் தூங்கவில்லை என்றால் அதில் நியாயம் உண்டு. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு. அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். மாடியில் இருப்பவருக்கு அதுவும் இல்லை, வெளியே வாடகை முறையில் வீடு. அரசு வெளிப்படையாக அறிவித்திருப்பது இது. போராட வேண்டியது இந்த வேறுபாட்டை எதிர்த்து. கேட்க வேண்டியது மாடி வீட்டுக்காரன் எங்கே போவான் என்பதை. இது இரகசியச் சதியல்ல, அச்சில் வந்த விஷயம்! இதைப் படித்துப் பேச வேண்டிய நேரத்தில், "கையெழுத்து மை காய்ந்தால் பெயர் மறைந்துவிடும்" என்ற கதையில் ஒரு சால் முழுவதும் மூன்று நாள் கழித்தது. வீட்டைப் பறிக்க நினைப்பவனுக்கு இதைவிட வசதி வேறென்ன?

அப்படி வந்த தாயாரிடம் "அதெல்லாம் பொய், போங்கம்மா" என்று சொல்லி அனுப்பக் கூடாது. "மை மறையாதும்மா. ஆனா உங்க வீடு மாடியிலதானே இருக்கு? வாங்க, அதுக்கு என்ன சொல்லியிருக்காங்கன்னு படிச்சுப் பார்ப்போம்" என்று உட்கார வைக்க வேண்டும். பயத்துக்கு அவரிடம் காரணம் இருக்கிறது, அது வேறு காகிதத்தில் இருக்கிறது.

கதையைச் சுமந்து வருகிறவர் வேறு, அதைத் தயாரிக்கிறவன் வேறு. பார்வையாளர் எண்ணிக்கைக்காகவும் ஓட்டுக்காகவும் வெட்டி ஒட்டுகிறவனிடம் பொறுமை காட்டச் சொல்லி நாம் எழுதவில்லை. அவன் மீது போலீசில் புகார் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். தெருவில் ஒரு புதியவரைச் சுற்றிக் கூட்டம் கூடி, "பிடி, அடி" என்ற குரல் எழுந்தால், அங்கே கேள்வி பதிலுக்கு நேரமில்லை. 112-க்குப் போன் செய்யுங்கள். தெரிந்த முகங்கள் நாலு பேர், பெண்கள் இருந்தால் இன்னும் நல்லது, அவரைச் சூழ்ந்து நின்று ஒரு கடைக்குள்ளோ வீட்டுக்குள்ளோ உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். தண்ணீர் குடிக்கிறவனை அடிக்க எவனுக்கும் சட்டென்று கை வராது. பிள்ளை உண்மையிலேயே காணவில்லை என்றால் 1098 என்ற எண்ணும் இருக்கிறது.

மன்ற அலுவலகத்தில் ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை இருவர் உட்கார்ந்திருப்பார்கள். கைபேசியில் வந்த எதையும் கொண்டு வந்து காட்டலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று உறுதி கூறுகிறோம். மராத்தியிலோ ஆங்கிலத்திலோ வந்த நோட்டீஸ் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், படித்துச் சொல்கிறோம். கணக்கெடுப்பு பற்றிக் கேட்க வருகிறவர்கள் பழைய மின்சார பில், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் நகல், எது கையில் இருக்கிறதோ அதை எடுத்து வரவும். மாடி வீட்டுக்காரர்கள் தனியாக ஒரு பட்டியல் தயார் செய்கிறோம், அதில் பெயர் சேர்க்க வேண்டியவர்கள் இந்த மாத முடிவுக்குள் வந்து போகவும்.